குழந்தையின் அடங்காப் பசியும் மரபணுவும்

3 வயதில் 25 கிலோ எடையுள்ள குழந்தையை அழைத்துவரும் தாய், நாற்காலியில் அமர்ந்ததும் பெரும்பாலும் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான்: "நான் அளவாகத்தான் கொடுக்கிறேன், டாக்டர்." நாங்கள் எதுவும் கேட்பதற்கு முன்பே அவர் தம் பக்கத்து நியாயத்தைக் கூறத் தொடங்கிவிடுகிறார். வீட்டிலும் உறவினரிடையேயும் அத்தனை முறை அவர் விசாரிக்கப்பட்டிருக்கிறார். மருத்துவர்களாகிய நாங்களும் சில வேளைகளில் அந்த விசாரணையில் சேர்ந்துகொண்டதுண்டு.

இங்கிலாந்தில் இது வெறும் பேச்சோடு நிற்கவில்லை. பெற்றோர் வேண்டுமென்றே மிகையாக ஊட்டுகின்றனர் என்ற ஐயத்தால், மிகுந்த உடற்பருமனுடைய சில குழந்தைகளின் பெயர்கள் அந்நாட்டுச் சமூக நலத்துறையின் ஆபத்திலுள்ள குழந்தைகள் பதிவேட்டில் சேர்க்கப்பட்டிருந்தன. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், இளம் வயதிலேயே கடுமையான உடற்பருமன் ஏற்பட்ட 300 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வளர்ச்சித் தாமதமும் இருந்தது. சிலருடைய 16ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு காணப்படவில்லை. இழந்த துண்டு பெரியதாக இருந்தவர்களுக்குப் பருமனோடு வளர்ச்சித் தாமதமும் சேர்ந்திருந்தது. இது தெரிந்தபின் அக்குழந்தைகளின் பெயர்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன.

ஒரு துண்டு இல்லாமற்போனால் பசி ஏன் மிகவேண்டும்? நம் உடலின் கொழுப்புத் திசு லெப்டின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. "சேமிப்பு போதுமான அளவு இருக்கிறது" என்று மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதிக்கு அது தெரிவிக்கும். அச்செய்தியை உயிரணுவுக்குள் கடத்த உதவும் மரபணுக்களுள் ஒன்று அந்தத் துண்டில்தான் உள்ளது. செய்தி சரிவரப் போய்ச் சேராவிட்டால், உடலில் கொழுப்பு நிறைந்திருக்கும்போதும் மூளை தான் பட்டினி கிடப்பதாகவே கொள்ளும். அந்தக் குழந்தை உணவுக்காக அழுவது அடமன்று. அதற்கு உண்மையிலேயே பசிக்கிறது. லெப்டினே சுரக்காத இரண்டு குழந்தைகளைப் பற்றி 1997இல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் எழுதினர். பின்னர் லெப்டினை ஊசியாகச் செலுத்தியபோது பசி அடங்கி எடையும் குறைந்தது. ஆனால் அந்தக் குறைபாடு மிக அரிது. லெப்டின் நிறையச் சுரந்தும் பருமனாக உள்ளவர்களுக்கு அந்த ஊசி பயன்படாது.

வளர்ச்சித் தாமதத்தோடு கூடிய உடற்பருமனில் நன்கு அறியப்பட்டது பிராடர்-வில்லி நோய்த்தொகுப்பு. 1956இல் சூரிச் நகர மருத்துவர்கள் இதனை விவரித்தனர். தந்தையிடமிருந்து வரவேண்டிய 15ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி செயற்படாததே காரணம். பெரும்பாலும் இது கருவுறும் கட்டத்தில் புதிதாக நேர்வதால், தந்தையின் குற்றமும் இதில் இல்லை. இந்நோயின் போக்குதான் பெற்றோரை மிகவும் குழப்புகிறது. பிறந்தவுடன் குழந்தை துணிபோலத் துவண்டிருக்கும். பால் உறிஞ்சவும் வலுவிருக்காது. சிலருக்குக் குழாய்வழி ஊட்ட நேரிடும். குழந்தை குடிக்கவில்லையே என்று அழுத அதே தாய், சில ஆண்டுகள் கழித்துச் சமையலறையைப் பூட்டி வைக்கவேண்டியவராகிறார்.

பருமனான குழந்தைகள் அனைவருக்கும் மரபணுச் சோதனை வேண்டியதில்லை. பெரும்பாலோரிடம் உணவு, உறக்கம், ஓடியாடாமை, குடும்ப வாகு ஆகியவை கலந்தே காரணமாகின்றன. 5 வயதுக்கு முன்பே எடை மிக வேகமாக ஏறுதல், அடங்காப் பசி, பேச்சும் நடையும் தாமதமாதல் ஆகியவை சேர்ந்து காணப்பட்டால் சோதனையைப் பற்றிப் பேசுகிறோம். பிராடர்-வில்லியை ஐயுற்றால் மெத்திலேஷன் சோதனை, குரோமோசோம் துண்டிழப்பை ஐயுற்றால் மைக்ரோஅரே சோதனை. செலவு குறைவன்று, விடை கிடைக்காமலும் போகலாம். அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

"காரணம் தெரிந்து என்ன பயன்?" என்று கேட்கிறார்கள். பிராடர்-வில்லி குழந்தைகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சை தசையையும் உயரத்தையும் மேம்படுத்துகிறது. அவர்களுடைய அடங்காப் பசிக்கென 2025இல் அமெரிக்காவில் ஒரு மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. லெப்டின் செய்திப் பாதையின் சில குறிப்பிட்ட குறைபாடுகளுக்கு 2020 முதல் அங்கே செட்மெலனோடைட் ஊசி உள்ளது. எந்தக் குறைபாடு என்று தெரியாமல் இவற்றை எவருக்கும் தர இயலாது. அடுத்த குழந்தையைப் பற்றிய அச்சத்திற்கும் சோதனை முடிவைக் கொண்டே விடையளிக்க முடியும். 16ஆம் குரோமோசோம் இழப்பு சில குடும்பங்களில் பெற்றோரில் ஒருவரிடமே, அவரறியாமல், இருக்கும்.

மருந்து கிடைக்கும்வரை உணவுக் கட்டுப்பாடு வீடு முழுவதற்கும் உரியது. பாட்டி ஒளித்துத் தரும் ஒரு பிஸ்கட்டும் "கேட்டால் கிடைக்கும்" என்ற எதிர்பார்ப்பைக் குழந்தைக்கு ஊட்டிவிடும். ஆகவே அடுத்த முறை வரும்போது பாட்டியையும் உடன் அழைத்து வாருங்கள். பிறந்தபோது தரப்பட்ட மருத்துவமனைச் சுருக்கக் குறிப்பு, தடுப்பூசி அட்டையில் உள்ள எடைக் குறிப்புகள், ஒவ்வொரு வயதிலும் எடுத்த ஒளிப்படங்கள் ஆகியவையும் வேண்டும்.