லூசி வில்ஸ் அம்மையார்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பர் பெரியோர். கருவுற்ற மகளிர் உடல் வெளிறி, மூச்சு வாங்கி, சேயோடு மாண்டுபோகும் கொடுமை முற்காலத்தில் மிகுந்திருந்தது. குருதி குன்றுவதால் வரும் அப்பிணியைச் சோகை என்பர். அதில் ஒரு வகையில் குருதியணுக்கள் அளவு மீறிப் பெருத்து, தொகையில் குறைந்துவிடும். அவ்வகைச் சோகைக்கு மருந்து கண்டவர் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில அம்மையார். அவர் அதனைக் கண்டதும் நம் நாட்டிலேயே ஆகும்.

அம்மையார் 1888-ஆம் ஆண்டில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் தாவர நூலும் நில நூலும் கற்றார். பின்னர் இலண்டனில் பயின்று 1920-இல் மருத்துவரானார். எனினும், தனியே மருத்துவத் தொழில் நடத்தாமல், ஆராய்ச்சியையே வாழ்க்கைப் பணியாகக் கொண்டார்.

1928-இல் அவர் பம்பாய்க்கு வந்தார். அங்கு, தாய்மார் இறப்புப் பற்றி ஆராய்ந்துவந்த மார்கரெட் பால்பர் அம்மையாருடன் சேர்ந்து உழைத்தார். சோகையுற்ற மகளிர் எவ்வாறு வாழ்கின்றனர், எவற்றை உண்கின்றனர் என்று கேட்டறிந்தார். காய்கனிகளும் புரதமும் குறைந்த உணவை உண்ட ஏழை மகளிரையே நோய் மிகுதியும் பற்றியிருந்தது. எனவே, நோயின் வேர் உணவுக் குறைவே என்று கருதினார்.

கருத்து மெய்யாதல் வேண்டுமாயின் சோதனை வேண்டுமன்றோ? 1929-இல் நீலகிரி மலையிலுள்ள குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில், அம்மகளிரின் உணவைப் போன்ற உணவையே எலிகளுக்கு அளித்தார். அவையும் சோகையுற்றன. ஈஸ்ட் சேர்த்த உணவை உண்டவை நோயின்றி இருந்தன. ஆனால், எலிகளைப் பேன் பற்றியிருந்தமையால் அம்முடிவு ஐயத்திற்கு இடமாயிற்று. ஆகவே, குரங்குகளைக் கொண்டு மீண்டும் ஆராய்ந்தார். மிக நலிந்த குரங்கு ஒன்றுக்கு 'மார்மைட்' என்னும் ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தார், அது தேறியது. நோயுற்ற மகளிருக்கும் அளித்தார். அவர்களும் நலம் பெற்றனர். விலை மலிந்த அம்மருந்தின் பயனை 1931-இல் உலகுக்கு வெளியிட்டார். அவ்வாண்டில் சென்னைத் திருவல்லிக்கேணிக் கோஷா மருத்துவமனையிலும் பணியாற்றினார்.

ஈஸ்டிலிருந்து உயிர் காத்த பொருள் யாது? அதன் பெயரை அன்று எவரும் அறியார். பெயர் தெரியும்வரை மருந்தைத் தாய்மாருக்குக் கொடாமல் அம்மையார் காத்திருக்கவில்லை. 1941-இல் அமெரிக்க அறிஞர்கள் அதனைப் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்தனர். இலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அதற்குப் போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். புதிய குருதியணுக்கள் உண்டாக அது இன்றியமையாதது. கருவிலுள்ள சேயும் வளர்வதால், தாய்க்கு அது மிகுதியாக வேண்டும்.

அம்மையார் 1964-இல் மறைந்தார். இன்று எலவனாசூர்கோட்டை போன்ற ஊர்களிலும், கல்வராயன் மலைச் சிற்றூர்களிலும் வாழும் கருவுற்ற மகளிருக்கு, இரும்புச் சத்தும் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரைகளை அரசு விலையின்றி வழங்குகிறது. கீரையிலும் பயற்றிலும் அப்பொருள் உண்டு. நெடுநேரம் வேகவைத்தால் குறைந்துவிடும். ஏழை மகளிரின் உண்கலத்தை உற்று நோக்கிய ஒருவரின் உழைப்பு, எண்ணற்ற தாய்மாரின் உயிரைக் காத்து நிற்கிறது.