நான்கு வீடுகள், ஒரே சேமிப்பு: எதை வாங்குவது?

வீடு வாங்குவது என்பது எமது சமூகத்தில் பெரும்பாலான குடும்பங்கள் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை செய்கின்ற கொடுக்கல் வாங்கலாகும். கடையில் ஒரு தொகுதிச் சரக்கு நட்டமானால் அடுத்த நோன்புப் பெருநாள் வியாபாரத்தில் அதனை ஈடுசெய்து கொள்ளலாம். வீட்டு விடயத்தில் அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. அப்படியிருந்தும், ஒரு பெட்டி பிஸ்கட்டுக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகின்ற நம்மவர்கள், புதிய டைல்ஸையும் சுவரின் நிறத்தையும் பார்த்துவிட்டு அன்றைய தினமே முற்பணம் கொடுத்துவிடுவதைப் பல தடவை கண்டிருக்கிறேன்.

எனது தங்கையின் குடும்பத்துக்கு வீடு தேடிய அனுபவத்தை வாசகர்களுக்குப் பயன்படும் என்ற நோக்கத்தில் இங்கு எழுதுகிறேன். மச்சான் 14 வருடங்கள் சவூதியில் உழைத்துவிட்டு நாடு திரும்பியவர். இப்போது புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபார நிலையத்தில் கணக்கு எழுதுகிறார். வயது 52. மீண்டும் வெளிநாடு சென்று உழைக்கும் எண்ணமில்லை. மாளிகாவத்தையில் வாடகை வீடு. உயர்தரம் படிக்கும் மகள், எட்டாம் வகுப்பில் மகன், முழங்கால் வலியுள்ள எங்கள் உம்மா எல்லோரும் ஒன்றாக இருக்கிறார்கள். கையில் இருந்த சேமிப்பு 115 இலட்சம் ரூபா. இஸ்லாமிய வங்கி முறையில் மேலும் 35 இலட்சம் பெறலாம் என்று விசாரித்து வைத்திருந்தார்கள். மொத்தம் 150 இலட்சம்.

150 இலட்சம் வைத்திருப்பவர் 150 இலட்சத்துக்கு வீடு வாங்க முடியாது என்பதே நான் முதலில் எழுதிக் காட்டிய கணக்கு. காணி, வீடு கைமாறும்போது செலுத்த வேண்டிய முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். 132 இலட்சம் ரூபா வீட்டுக்கு இது 527,000 ரூபாவாகும். சட்டத்தரணி கட்டணம், பதிவுச் செலவு, நில அளவையாளர், வங்கியின் மதிப்பீட்டாளர் ஆகியோருக்கு இரண்டரை இலட்சம் ஒதுக்கினோம். திருத்த வேலைக்கும் குடிபோகும் செலவுக்கும் 6 இலட்சம். மச்சான் நோயுற்றாலோ வேலை போனாலோ ஆறு மாதத் தவணையைச் செலுத்துவதற்கு 4 இலட்சம். இவற்றைக் கழித்தால் எமது உச்ச விலை 132 இலட்சம்தான். தரகர்களுக்கு 150 என்ற எண்ணை நாங்கள் சொல்லவே இல்லை.

உறுதியில் விலையைக் குறைத்து எழுதினால் வரி மிச்சமாகும் என்று ஒரு தரகர் ஆலோசனை சொன்னார். இது பொய்யான ஆவணத்தில் கையொப்பமிடுவதாகும் என்பது ஒருபுறமிருக்க, வரி கணக்கிடப்படுவது சொத்தின் சந்தைப் பெறுமதிக்கே. குறைத்து எழுதப்பட்டது கண்டுபிடிக்கப்பட்டால் மிகுதியைக் கட்டும்படி கேட்பார்கள். கொடுத்த பணம் முழுவதற்கும் உங்கள் கையில் அத்தாட்சியும் இருக்காது.

பார்த்த நான்கு வீடுகள்

ஏறத்தாழ ஐந்து மாதங்கள் தேடி, இறுதியில் நான்கு வீடுகளைத் தெரிவுப் பட்டியலில் வைத்தோம்.

முதலாவது, தெமட்டகொடையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடி வீடு. விலை 105 இலட்சம். பள்ளிவாசலும் பாடசாலைகளும் நடை தூரத்தில். நான்கில் மலிவானதும் இதுவே. ஆனால் விற்பவரிடம் இருந்தது ஒதுக்கீட்டுக் கடிதமும் பணம் கட்டிய பற்றுச்சீட்டுகளும் மாத்திரமே. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க மாடி வீட்டு உடைமைச் சட்டத்தின்படி, கட்டிடத்தின் கூட்டாதன வரைபடம் பதிவு செய்யப்பட்ட பின்னரே தனித்தனி வீடுகளுக்கு முறையான உறுதி எழுத முடியும். அது இல்லாத வீட்டுக்கு வங்கியும் பணம் தராது. மின்தூக்கியும் இல்லை. உம்மா மேலே ஏறினால் மையித்தாகத்தான் இறங்க வேண்டியிருக்கும் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

இரண்டாவது, கொலன்னாவையில் 6 பேர்ச் காணியில் இரண்டு மாடி வீடு. விலை 128 இலட்சம். புதிய டைல்ஸ், புதிய சமையலறை, புதிய வர்ணம். தங்கைக்கும் மகளுக்கும் மிகவும் பிடித்தது. நான் வீட்டுக்காரரிடம் எதுவும் கேட்காமல் பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் 2016 மே மாத வெள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் தனது மதிலில் இடுப்பளவு உயரத்தில் கையை வைத்துக் காட்டினார். கீழ்மாடிச் சுவர் ஏன் அவ்வளவு புதிதாக இருந்தது என்பது அப்போது விளங்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது களனி கங்கை பெருக்கெடுத்துத் தாழ்நிலங்கள் மீண்டும் மூழ்கியதை நாடே அறியும். கொலன்னாவை முழுவதும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஒரே வீதியில் மேட்டிலுள்ள வீடு தப்பும், பள்ளத்திலுள்ள வீடு மூழ்கும். எனவே ஊரின் பெயரை வைத்து முடிவெடுக்காமல், அந்த வளவின் மட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, தெஹிவளையில் நாலரை பேர்ச் காணியில் பழைய வீடு. 145 இலட்சம் கேட்டு, 132 க்கு இறங்கி வந்தார்கள். அதே ஒழுங்கையில் மற்றவர்கள் கேட்கும் விலையைவிட இது கணிசமாகக் குறைவு. குறைவுக்குரிய காரணம் உறுதியில் இருந்தது. உரிமையாளர் மரணித்துவிட்டார். மனைவி, இரண்டு ஆண் மக்கள், நான்கு பெண் மக்கள் வாரிசுகள். விற்க வந்தவர்கள் ஆண் மக்கள் இருவர் மாத்திரமே.

1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் மரணசாதனமில்லா உரிமை வழிக் கட்டளைச் சட்டத்தின்படி, இந்நாட்டு முஸ்லிம்களின் வாரிசுரிமை மார்க்கச் சட்டத்தையே பின்பற்றுகிறது. இந்தக் குடும்பத்தில் சொத்தை 64 பங்காகப் பிரித்தால் மனைவிக்கு 8, ஆண் மக்களுக்குத் தலா 14, பெண் மக்களுக்குத் தலா 7. இரண்டு சகோதரர்களும் கையொப்பமிட்டால் எமக்குச் சொந்தமாவது 64 இல் 28 பங்கு மாத்திரமே, அதுவும் பிரிபடாத பங்கு. மிகுதி 36 பங்குக்கு உரியவர்கள் நாளை பங்கு பிரிப்பு வழக்குப் போட்டால் அது எத்தனை வருடம் செல்லும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு பெண்பிள்ளை அதே வீட்டின் பின்னறையில் கைக்குழந்தையுடன் இருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. "தங்கச்சிமார் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்" என்றார் மூத்தவர். தாயும் அறுவரும் சேர்ந்து சட்டத்தரணி முன் கையொப்பமிட்டால் வாங்குகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். பதில் வரவில்லை. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக இன்னொரு பெண்ணின் ஹக்கின் மீது குடியிருக்க வேண்டாம் என்று முதலில் சொன்னவர் தங்கைதான்.

நான்காவது, திஹாரியவில் 12 பேர்ச் காணியில் ஒரு மாடி வீடு. கண்டி வீதியில் கொழும்பிலிருந்து சுமார் 35 கிலோமீற்றர். 122 இலட்சம் கேட்டு 118 க்கு முடிந்தது. பார்வைக்கு நான்கிலும் மோசமானது இதுவே. கூரை ஒழுகியது, சமையலறை இருட்டு, சீமெந்துத் தரை. ஆனால் 30 வருடத்துக்கான உரித்துச் சங்கிலி அறுபடாமல் இருந்தது. அங்கீகரிக்கப்பட்ட கட்டிட வரைபடம், குடியிருப்பதற்கான இணக்கச் சான்றிதழ், வீதிக்கோட்டுச் சான்றிதழ் அனைத்தும் இருந்தன. அத்தனகலு ஓயாவை அண்டிய தாழ்நிலங்களிலும் வெள்ளம் வருவதால் இங்கும் அயலவர்களிடம் விசாரித்தோம். அடைமழை பெய்த ஒரு நாளில் மீண்டும் சென்று பார்த்தோம். வளவு வீதியைவிட உயரமாக இருந்தது. கிணற்றுத் தண்ணீரும் நல்லது.

எதனை வைத்துத் தெரிவு செய்தோம்?

ஒரு தாளில் இரண்டு நிரல்கள் வரைந்தேன். பணம் இருந்தால் பின்னர் மாற்றக் கூடியவை ஒரு பக்கம்: தரை, வர்ணம், சமையலறை, கூரை, குளியலறை. எவ்வளவு பணம் கொடுத்தாலும் எம்மால் மாற்ற முடியாதவை மறுபக்கம்: உறுதியின் தன்மை, நிலத்தின் மட்டம், பாதை, அயலவர், பள்ளிவாசலுக்கும் பாடசாலைக்கும் வேலைக்கும் உள்ள தூரம். இரண்டாவது நிரலில் தேறாத வீட்டை முதலாவது நிரலுக்காக வாங்குவதில்லை என்று தீர்மானித்தோம். தெமட்டகொடை, தெஹிவளை வீடுகள் உறுதியில் விழுந்தன. கொலன்னாவை வீடு நிலமட்டத்தில் விழுந்தது.

திஹாரிய வீட்டுக்கும் இரண்டாவது நிரலில் ஒரு குறை இருந்தது. அது தூரம். மச்சான் தினமும் கம்பஹா வரை பஸ்ஸிலும் அங்கிருந்து கோட்டைக்கு ரயிலிலும் செல்ல வேண்டும். நாளொன்றுக்கு மூன்றரை மணி நேரம் பயணத்திலேயே போகும். மகளின் உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் எட்டு மாதம். பாடசாலையை மாற்றுவதில்லை என்றும், பரீட்சை முடியும் வரை அவள் தெமட்டகொடையில் எங்கள் ராத்தாவின் வீட்டில் தங்குவதென்றும் பேசி முடித்தோம். இவை இலேசான விலையல்ல. மச்சான் இரண்டு நாட்கள் யோசித்தார். பயணக் களைப்பைத் தன்னால் தாங்க முடியும், வழக்கையும் வெள்ளத்தையும் இந்த வயதில் தாங்க முடியாது என்பதே அவருடைய முடிவாக இருந்தது.

கணக்கும் அதற்கு இடம் கொடுத்தது. வீட்டு விலை 118 இலட்சம், முத்திரை வரி 471,000, ஏனைய ஆவணச் செலவு இரண்டரை இலட்சம், கூரைக்கும் சமையலறைக்கும் 12 இலட்சம். மொத்தம் சுமார் 137 இலட்சம். இதனால் வங்கியிடம் எடுக்க நினைத்த 35 இலட்சம் 27 ஆகக் குறைந்தது. அவசரத்துக்கு ஒதுக்கிய 4 இலட்சமும் அப்படியே இருக்கிறது.

வங்கியிடம் கேட்க வேண்டியவை

2005 ஆம் ஆண்டு வங்கிச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின் பின்னர் இந்நாட்டில் இஸ்லாமிய வங்கி முறைக்கு வழி திறந்தது. முழுமையாக அம்முறையில் இயங்கும் அமானா வங்கி 2011 இல் ஆரம்பமானது. வேறு சில வங்கிகளிலும் தனிப் பிரிவுகள் உள்ளன. வீட்டுக்குப் பெரும்பாலும் 'முஷாரகா முதனாகிஸா' என்னும் தேய்ந்து செல்லும் பங்குடைமை முறையே பயன்படுகிறது. வங்கியும் நீங்களும் கூட்டாக வீட்டை வாங்குகிறீர்கள். வங்கியின் பங்குக்கு வாடகை செலுத்திக்கொண்டு, அந்தப் பங்கையும் சிறிது சிறிதாக வாங்கிக் கொள்கிறீர்கள். பங்கு குறையக் குறைய வாடகையும் குறைகிறது.

பெயரைக் கேட்டவுடன் கையொப்பமிடாமல் நான்கு விடயங்களைக் கேளுங்கள். வாடகை வீதம் நிலையானதா, காலத்துக்குக் காலம் மாறுவதா? மாறுமாயின் உச்ச எல்லை உண்டா? தவணை தாமதமானால் அறவிடும் தொகை எங்கே செல்கிறது? முன்கூட்டியே முழுவதையும் வாங்கிக்கொள்ள மேலதிகக் கட்டணம் உண்டா? முதலாவது கேள்வி முக்கியமானது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. சந்தை வீதத்தை ஒட்டி வாடகை மீளாய்வு செய்யப்படும் ஒப்பந்தமாயின் இத்தகைய காலத்தில் உங்கள் தவணையும் உயரக்கூடும்.

கையொப்பத்துக்கு முன்னரும் பின்னரும்

முற்பணத்தை வெறும் கடதாசியில் எழுதிக் கொடுப்பது எமது மத்தியில் இன்னும் வழக்கத்தில் உள்ளது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை மட்டுமன்றி, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். இல்லையேல் விற்பவர் மனம் மாறினால் அந்த உடன்படிக்கையை நிறைவேற்றச் செய்ய முடியாது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி கூறும் வசனமே அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஆயினும் சொந்தக்காரரிடம் வாங்கும்போது எழுத்துக் கேட்பதை மரியாதைக் குறைவாக நினைக்கிறோம்.

சட்டத்தரணியை நீங்களே தெரிவு செய்யுங்கள். விற்பவரின் சட்டத்தரணியே இரு தரப்புக்கும் போதும் என்ற பேச்சுக்கு இணங்க வேண்டாம். காணிப் பதிவகத்தில் ஈடு, வழக்குப் பதிவு எதுவும் இல்லையென்பதைப் பார்த்த பின்னரே பணம் கொடுங்கள். உறுதி எழுதியதும் தாமதமின்றிப் பதிவு செய்யுங்கள். எமது பதிவுச் சட்டத்தில் ஒரே காணிக்கு இரண்டு உறுதிகள் இருந்தால், மோசடி இல்லாதவிடத்து, முதலில் பதிவு செய்யப்பட்டதற்கே முன்னுரிமை.

வீடு தேடிக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகள் இந்த வாரமே அந்த இரண்டு நிரல்களையும் ஒரு தாளில் எழுதி, மனைவியையும் வீட்டிலுள்ள பெரியவர்களையும் அருகில் வைத்துப் பேசிப் பாருங்கள். பிடித்த வீட்டை ஒரு தடவையாவது கடும் மழையில் சென்று பாருங்கள். ஒரு ஜமாஅத் தொழுகையை அந்த மஹல்லாவின் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, வீட்டைப் பற்றியும் அயலவரைப் பற்றியும் அங்குள்ளவர்களிடம் விசாரியுங்கள். வல்ல அல்லாஹ் ஒவ்வொரு குடும்பத்தினதும் ஹலாலான உழைப்பில் பரக்கத் செய்வானாக.