பிடித்த பிடியை விடாத பிரேக்

மோட்டார் வண்டியில் பிரேக் பிடிக்காமற்போனால் அபாயம் என்பதை யாவரும் அறிவோம். பிடித்த பிரேக் விடாமற்போவதும் அதற்குக் குறையாத அபாயமே என்பதை நம்மிற் பலர் எண்ணுவதில்லை.

மழைக்காலத்தில் விடுமுறைக்கு ஊர் சென்ற நாம், ஒரு திங்கள் கழித்துத் தில்லிக்குத் திரும்பினோம். வாசலில் நின்றிருந்த வண்டி நகரத் தயங்கிற்று; ஓடுகையில் ஒரு பக்கமாக இழுத்தது; சிறிது தூரத்தில் தீய்ந்த நாற்றமும் எழுந்தது. மெக்கானிக் ஒருவர், காலிபர் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார். மற்றொருவரோ இரண்டு ஊசிகளைக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் தடவினார், குறை தீர்ந்தது. செலவுக்கு முன் காரணம் காண வேண்டும் என்பதை அன்று கற்றோம்.

டிஸ்க் பிரேக்கில், சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இரு பேடுகள் கவ்வுகின்றன. அவற்றை நெருக்குவது காலிபரில் உள்ள பிஸ்டன். மிதியை விட்டதும், பிஸ்டனைச் சூழ்ந்த ரப்பர் வளையம் அதனை இம்மியளவு பின்னுக்கு இழுக்கும். பல வண்டிகளில் காலிபரும் இரண்டு ஊசிகளின்மேல் வழுக்கி நகரும். பிஸ்டனோ ஊசியோ துருப்பிடித்தால் பிடி விடாது. ரப்பர்க் குழாய் உள்ளே உப்பி அடைத்துக்கொண்டாலும் இதே நிலைதான்.

சோதிக்கும் முறை எளிது. சற்று ஓட்டி நிறுத்தியபின், தொடாமல் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுசெல்க. ஒன்றில் மட்டும் அனல் மிகுந்திருப்பின் பழுது அங்கேதான். அது ஆறியபின், சமதரையில் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கியில் நிறுத்துக; ஜாக்கியை மட்டும் நம்பலாகாது. கியரை விலக்கிச் சக்கரத்தைக் கையாற் சுழற்றுக. சுழலாவிடில், காலிபரில் காற்றுப் போக்கும் திருகைச் சிறிதே தளர்த்துக. திரவம் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால், குற்றம் குழாயிலோ மாஸ்டர் சிலிண்டரிலோ இருக்கிறது. அப்போதும் சுழலாவிடில் பிஸ்டனோ ஊசியோ இறுகியுள்ளது.

ஊசியாயின் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸைத் தடவினாற் போதும். சாதாரணக் கிரீஸ் ரப்பரை உப்பச்செய்யும். உப்பிய குழாயை மாற்றுக. பிஸ்டன் அரித்திருந்தால் காலிபரை மாற்றுவதே தக்கது. திரவம் வெளிவந்தபின் காற்றை முற்றும் போக்கி, மிதி உறுதிப்பட்டதைக் கண்ட பின்னரே வண்டியை எடுக்க வேண்டும். பழக்கமில்லாதவர் இவ்வேலைகளைத் தேர்ந்தவரிடம் விடுவதே நன்று.

இவ்வளவு கவலை எதற்கு? பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகைத் திரவம் புதிதாயிருக்கையில் குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 140 டிகிரியாகத் தாழலாம். உராய்ந்துகொண்டே மலைப்பாதையில் இறங்கும் சக்கரத்தின் வெப்பத்தில் திரவம் கொதித்து ஆவியானால், மிதி தரையைத் தொடும், வண்டி நில்லாது. விடாத பிரேக்கே, முடிவில் பிடிக்காத பிரேக்காகிவிடுகிறது.