இருளிலும் தளராத பற்றுறுதி: லிசியே தெரேசாவின் சிறு வழி

கிறிஸ்தவ வாழ்வில் விசுவாசத்துக்கு இரண்டு படிகள் உண்டு. கடவுள் இருக்கிறார், இயேசு கிறிஸ்துவில் அவர் தம்மை வெளிப்படுத்தினார் என்று மனத்தால் ஏற்பது முதற்படி. அவ்வாறு ஏற்றுக்கொண்ட கடவுளிடம் தன் நோயையும் கடனையும் குடும்பச் சிக்கலையும் வருங்காலத்தைப் பற்றிய அச்சத்தையும் ஒப்படைத்து, அவர் கைவிடமாட்டார் என்று நிலைகொள்வது அடுத்த படி. பற்றுறுதி எனப்படும் இந்த இரண்டாம் படியை எட்டுவதற்குப் பெரும் துன்பமோ வியத்தகு புதுமையோ தேவை என்பது பலரும் கொண்டிருக்கும் எண்ணம். பிரான்சு நாட்டில் 24 ஆண்டுகள் மட்டுமே வாழ்ந்து, அவற்றுள் கடைசி ஒன்பதரை ஆண்டுகளை ஒரே மடத்தின் சுவர்களுக்குள் கழித்த லிசியே நகரின் தெரேசா இதற்கு வேறு விடை கண்டார். பற்றுறுதி அன்றாடத்தின் சிறு தொல்லைகளில் பழகப்பட வேண்டியது என்பதும், பெருஞ்சோதனை வரும்போது அந்தப் பழக்கமே மனிதரைத் தாங்குகிறது என்பதும் அவருடைய வாழ்விலிருந்து தெளிவாகும் உண்மைகள். தமிழகக் கத்தோலிக்கர் சிறுமலர் என்றும் குழந்தை இயேசுவின் தெரேசா என்றும் வணங்கும் புனிதர் இவரே.

இழப்புகளில் வளர்ந்த குழந்தை

தெரேசா 1873 சனவரி 2 அன்று நார்மண்டிப் பகுதியின் அலான்சோன் நகரில், கடிகாரத் தொழில் செய்த லூயி மார்த்தனுக்கும் லேஸ் பின்னல் தொழில் நடத்திய செலிக்கும் ஒன்பதாவது குழந்தையாகப் பிறந்தார். அவருக்கு முன் பிறந்தவர்களில் நால்வர் சிறு வயதிலேயே இறந்துவிட்டிருந்தனர். 1877 ஆகஸ்டில் தாயும் மார்பகப் புற்றுநோயால் இறக்க, குடும்பம் தாய்மாமன் வாழ்ந்த லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தது. தாயின் இடத்தில் இருந்து வளர்த்த அக்காள் பவுலின் 1882-இல் கார்மேல் மடத்தில் சேர்ந்துவிட, குழந்தை இரண்டாம் முறையாகத் தாயை இழந்தது போலானது. அடுத்த ஆண்டிலேயே கடுமையாக நோயுற்றது. எதற்கெடுத்தாலும் அழுவதும், அழுதுவிட்டோமே என்று மறுபடியும் அழுவதுமாக இருந்த அந்த இளகிய மனம் 1886-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் இரவில் ஒருவாறு திடப்பட்டதாகப் பிற்காலத்தில் அவரே எழுதினார். பிறவியிலேயே மனவலிமை வாய்க்கப்பெற்ற ஒருவரின் வரலாறாக இது இல்லை. எளிதில் உடையக்கூடிய ஒருவர் உறுதிபெற்ற வரலாறாக இருப்பதால்தான் எளிய மக்களுக்கு இது நெருக்கமாகிறது.

துறவியாகும் விருப்பத்துக்கு வயது தடையாக நின்றபோது, 1887 நவம்பரில் ரோமைக்குத் திருப்பயணம் சென்ற அவர், திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவிடமே நேரில் அனுமதி வேண்டினார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 9 அன்று, பதினைந்து வயதில், லிசியே கார்மேல் மடத்தின் கதவு அவருக்குத் திறந்தது. கார்மேல் சபையின் பெண் துறவியர் செபத்தையே முதற்பணியாகக் கொண்டு, வெளியுலகிலிருந்து ஒதுங்கி அடைபட்ட மடங்களில் வாழ்பவர்கள்.

அச்சமூட்டிய கடவுளும் அருகே வந்த கடவுளும்

தெரேசாவின் காலத்துப் பிரெஞ்சு பக்தியில் ஜான்செனியம் என்ற பழைய போக்கின் நிழல் இன்னும் விலகியிருக்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த அந்த இயக்கம் மனித இயல்பின் சீர்கேட்டையும் கடவுளின் கண்டிப்பான நீதியையும் மிகையாக வலியுறுத்தியது. அதன் தாக்கத்தால் மக்கள் நற்கருணை வாங்குவதற்கே அஞ்சி, தங்கள் தகுதியின்மையை எண்ணி நடுங்கினர். பிறர் பாவங்களுக்குரிய தண்டனையைத் தாங்களே ஏற்பதாகக் கடவுளின் நீதிக்குத் தங்களைப் பலியாக ஒப்புக்கொடுத்த துறவியரும் இருந்தனர். 1895 சூன் 9 அன்று தெரேசா தம்மை ஒப்புக்கொடுத்தது கடவுளின் நீதிக்கு அன்று, இரக்கம் மிகுந்த அன்புக்கு.

அவர் அந்த முடிவுக்கு வந்த பாதையே பின்னர் சிறு வழி என்று பெயர் பெற்றது. புனிதர்களோடு தம்மை ஒப்பிட்டுப் பார்த்த தெரேசாவுக்கு, அந்த உயரத்துக்கு ஏறும் வலிமை தம்மிடம் இல்லை என்பது விளங்கியது. ஆயினும் நிறைவேறாத ஒன்றைக் கடவுள் மனத்தில் ஆசையாக விதைத்திருக்கமாட்டார் என்றும் அவர் எண்ணினார். அக்காள் செலின் மடத்துக்குக் கொண்டுவந்த, பழைய ஏற்பாட்டுப் பகுதிகள் எழுதப்பட்ட குறிப்பேட்டில் விடை கிடைத்தது. சிறியோரை அழைக்கும் நீதிமொழிகள் 9-ஆம் அதிகாரமும், தாய் தன் குழந்தையைத் தேற்றுவதுபோல் கடவுள் தேற்றுவார் என்னும் எசாயா 66-ஆம் அதிகாரமும் அவரைப் பற்றிக்கொண்டன. அக்காலத்தில் புதுமையாக இருந்த லிஃப்டை நினைத்துக்கொண்ட அவர், செங்குத்தான படிகளில் ஏற முடியாத சிறியவருக்கு இயேசுவின் கரங்களே அத்தகைய லிஃப்ட் என்று எழுதினார். தன் சிறுமையை மறைக்காமல் ஏற்றுக்கொண்டு, தூக்கிச் செல்லும்படி கடவுளிடம் விட்டுவிடுவதே இந்த வழியின் சாரம். முயற்சியைக் கைவிடுவது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. முதற்படியில்கூடக் கால் வைக்க முடியாத குழந்தை காலைத் தூக்கித் தூக்கி முயன்றுகொண்டே இருக்க வேண்டும் என்று தம் பொறுப்பில் இருந்த இளந்துறவியருக்கு அவர் கற்பித்தார்.

சில்லறைத் தொல்லைகளின் பள்ளி

ஏறத்தாழ இருபத்தைந்து பெண்கள் ஆண்டு முழுவதும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த மடத்தில் இந்த முயற்சிக்கு வாய்ப்பு குறைவின்றிக் கிடைத்தது. குளிர்காலத்தில் கணப்பு மூட்டப்பட்டது ஒரே ஒரு பொது அறையில்தான். நார்மண்டியின் ஈரக் குளிர் தெரேசாவை இறுதிவரை வாட்டியது. துணி துவைக்கும்போது எதிரில் இருந்த சகோதரி அழுக்கு நீரை அவர் முகத்தில் தெறிக்கவிடுவார். பின்வாங்கி முகத்தைத் துடைத்தால் அந்தச் சகோதரிக்கு உறைக்கும் என்று தோன்றினாலும், தெரேசா அவ்வாறு செய்யாமல் இருக்கப் பழகினார். மாலைச் செபத்தில் பின்னால் அமர்ந்த ஒருவர் ஓயாமல் எழுப்பிய சிறு சத்தம் வியர்த்துப்போகும் அளவுக்கு அவரை எரிச்சலூட்டியது. திரும்பி முறைத்தால் சத்தம் நின்றிருக்கும். அவரோ அந்தச் சத்தத்தையே இசையாகப் பாவித்துக் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்க முனைந்தார்.

நடப்பது, பேசுவது என எல்லாவற்றிலும் தமக்குப் பிடிக்காதவராக இருந்த ஒரு சகோதரிக்கு அவர் இயன்ற உதவிகள் செய்து, சந்தித்தபோதெல்லாம் புன்னகைத்தார். தம்மிடம் அப்படி என்ன ஈர்ப்பைக் கண்டீர் என்று அந்தச் சகோதரியே ஒருநாள் கேட்கும் நிலை வந்தது. மூட்டு வாதத்தால் நடக்க இயலாத முதிய துறவி ஒருவரை மாலைதோறும் உணவறைக்கு அழைத்துச் செல்லும் பணியை அவர் தாமாகக் கேட்டு ஏற்றார். வேகமாக நடந்தால் விழுந்துவிடுவேன் என்றும், மெதுவாக நடந்தால் கைப்பிடி தெரியவில்லை என்றும் குறை சொல்லிக்கொண்டே வந்த அந்த முதியவருக்கு, கை நடுக்கத்தால் ரொட்டியை வெட்ட முடியவில்லை என்பதைக் கவனித்து, அதையும் வெட்டிக் கொடுத்துவிட்டே தெரேசா திரும்புவார்.

இவற்றைப் பொறுமை என்ற ஒழுக்கப் பண்பாக மட்டும் காண்பது போதாது. எரிச்சல் எழும் கணத்தில் தன் நியாயத்தை நிலைநாட்டுவதை நிறுத்தி, அந்தக் கணத்தைக் கடவுளிடம் கொடுப்பது, சிறிய அளவில் தன்னையே அவரிடம் ஒப்படைப்பதாகும். அந்த ஒப்படைப்புக்கு இனிய உணர்ச்சி எதுவும் துணையாக வரவில்லை. செப நேரத்தில் தெரேசா பெரும்பாலும் வறட்சியையே உணர்ந்தார். களைப்பால் உறங்கிவிட்ட நாள்களும் உண்டு. குழந்தைகள் உறங்கும்போதும் பெற்றோருக்கு அவர்கள்மேல் உள்ள அன்பு குறைவதில்லை என்று எண்ணி அவர் மனம் தேறினார்.

மடத்துக்கு வெளியே நேர்ந்தது இன்னும் கொடிது. தெரேசா துறவு உடை பெற்ற அடுத்த மாதம், 1889 பிப்ரவரியில், மூளை நோயால் நினைவு தடுமாறிய தந்தை லூயி, கான் நகரின் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு மூன்றாண்டுகள் அங்கே இருந்தார். மகள்கள் ஒவ்வொருவராக மடம் சேர்ந்ததே தந்தையின் நிலைக்குக் காரணம் என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சுக்கு மறுமொழி சொல்லவோ தந்தையை மருத்துவமனையில் சென்று காணவோ அடைபட்ட மடத்தில் இருந்தவர்களுக்கு வழியில்லை. கடவுள் ஏன் இதை அனுமதித்தார் என்பதற்கு விளக்கம் கிடைக்காமலேயே அவரைப் பற்றிக்கொண்டிருக்க வேண்டிய நிலையை தெரேசா அந்த ஆண்டுகளில் கற்றார்.

வானகம் மறைந்த பதினெட்டு மாதங்கள்

1896-இல் பெரிய வியாழனுக்கும் புனித வெள்ளிக்கும் இடைப்பட்ட இரவில் அவர் முதன்முறையாக இரத்தம் கக்கினார், காசநோய் முற்றிக்கொண்டிருந்தது. சாவு நெருங்குவதை விண்ணக மணமகனின் அழைப்பாகக் கருதி அவர் மகிழ்ந்திருக்க, சில நாள்களில், உயிர்ப்பு விழாக் காலத்திலேயே, எதிர்பாராத இருள் சூழ்ந்தது. விண்ணகம் உண்டு என்பதே பொய்யாகத் தோன்றியது. சாவுக்குப் பின் எதுவுமில்லை என்று உள்ளே ஒரு குரல் ஏளனம் செய்தது. கடவுளை மறுப்போர் தங்கள் உள்ளறிவுக்கு மாறாகவே பேசுகின்றனர் என்று அதுவரை நினைத்திருந்த அவர், விசுவாசம் உண்மையிலேயே இல்லாத மனிதர் இருக்கின்றனர் என்பதைத் தம் அனுபவத்தால் உணர்ந்தார். அவர்களைக் கண்டிக்கும் மேட்டில் நில்லாமல், அவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்திருப்பவராகத் தம்மைக் கண்டு, தமக்கும் அவர்களுக்கும் சேர்த்தே இரக்கம் வேண்டினார்.

இந்த இருளின் நடுவே ஓர் அவமானமும் சேர்ந்தது. சாத்தானை வழிபட்ட குழுவிலிருந்து மனந்திரும்பியவராகச் சொல்லப்பட்ட டயானா வாகன் என்ற பெண்ணைப் பற்றிய எழுத்துகளைப் பிரெஞ்சுக் கத்தோலிக்கர் பலர் நம்பியிருந்தனர். தெரேசாவும் அவருக்கு ஒரு கடிதமும், நாடகத்தில் ஜோன் ஆஃப் ஆர்க் வேடமிட்ட தம் நிழற்படமும் அனுப்பியிருந்தார். அந்தக் கதை முழுவதும் தம் புனைவு என்று லேயோ தக்சில் என்பவர் 1897 ஏப்ரல் 19 அன்று பாரிசில் அறிவித்த கூட்டத்தில் அந்தப் படமே திரையிடப்பட்டது. விசுவாசமே ஏமாளித்தனம் என்று மனத்துக்குள் கேட்ட குரலுக்கு வெளியிலிருந்தும் சான்று வந்ததுபோல் ஆயிற்று.

அந்நிலையில் தெரேசா மேற்கொண்ட வழி, முன்பு அழுக்கு நீர் தெறித்தபோது மேற்கொண்ட அதே வழிதான். ஐயத்தோடு வாதாடி வெல்ல முயலாமல், அது தாக்கிய ஒவ்வொரு முறையும் இயேசுவை நோக்கித் திரும்பித் தம் விசுவாசத்தை அறிக்கையிட்டார். விசுவாசப் பிரமாணம் எனப்படும் கிறிஸ்தவ நம்பிக்கை அறிக்கையைத் தம் இரத்தத்தாலேயே எழுதி உடன் வைத்துக்கொண்டார். விண்ணக மகிழ்ச்சியைப் பாடும் கவிதைகளை அவர் அக்காலத்திலும் எழுதியதால், அவர் ஆறுதலில் திளைக்கிறார் என்று உடனிருந்தோர் எண்ணினர். நம்ப விரும்புவதையே பாடுவதாக அவர் தம் மடத் தலைவிக்கு எழுதிவைத்தார். உணர்ச்சியின் துணையின்றி ஒப்படைக்க ஏழெட்டு ஆண்டுகள் பழகியிராதவருக்கு உணர்ச்சி முழுவதும் வற்றிய இந்த நிலையில் பற்றிக்கொள்ள எதுவும் எஞ்சியிராது. 1897 செப்டம்பர் 30 அன்று மாலை, கடவுள்மேல் தமக்குள்ள அன்பை அறிக்கையிட்டபடியே அவர் இறந்தார்.

சகிப்பு வேறு, ஒப்படைப்பு வேறு

தெரேசாவின் போதனையை அநீதியைக் கண்டும் வாய் மூடியிருக்கச் சொல்லும் அறிவுரையாகப் பயன்படுத்தும் ஆபத்து உண்டு. அவருடைய நடத்தை அதற்கு இடம் தரவில்லை. இளந்துறவியரின் குறைகளை, அவர்கள் முகம் சுளித்தாலும், அவர் நேராகச் சுட்டிக்காட்டினார். தம்மால் வெல்ல முடியாத சச்சரவு வரும்போது அவ்விடத்தை விட்டு ஓடிவிடுவதையே கடைசி வழியாகக் கொண்டதாக ஒளிக்காமல் எழுதினார். இறுதி நோயின் வேதனையில், விசுவாசம் இல்லாதிருந்தால் உயிரை மாய்த்துக்கொண்டிருப்பேன் என்றும், கடும் வலியில் இருக்கும் நோயாளியின் கைக்கெட்டும் தூரத்தில் நச்சு மருந்துகளை வைக்கக் கூடாது என்றும் உடனிருந்தோரிடம் கூறினார். துன்பத்தை இல்லையென்று மறைப்பது பற்றுறுதி ஆகாது. அதன் முழு எடையையும் அறிந்து, உதவி தேவையென்றால் கேட்டு, அதன்பின் கடவுளிடம் வைப்பதே பற்றுறுதி என்பது இவற்றால் புலப்படும்.

அவர் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகள் பவுலினின் திருத்தங்களுடன் 1898-இல் ‘ஓர் ஆன்மாவின் வரலாறு’ என்ற நூலாக வெளிவந்தன. திருத்தப்படாத மூலம் 1956-இல் வெளியானது. 1925-இல் புனிதர் பட்டமும், திருச்சபை முழுவதற்கும் வழிகாட்டத்தக்க போதனையாளருக்கு அளிக்கப்படும் மறைவல்லுநர் என்னும் சிறப்பு 1997-இலும் அவருக்குக் கிடைத்தன. மடத்தைவிட்டு வெளியேறாத அவர், 1927-இல் பிரான்சிஸ் சவேரியாருடன் மறைபரப்புப் பணிகளின் பாதுகாவலராகவும் அறிவிக்கப்பட்டார். அவர் பெயரைத் தம் துறவுப் பெயராகக் கொண்ட கொல்கத்தாவின் அன்னை தெரசாவும் பல பத்தாண்டுகள் கடவுளின் அருகாமையை உணராமலேயே ஏழைகளிடையே உழைத்தார் என்பதை, 2007-இல் வெளியான அவருடைய கடிதங்கள் காட்டின.

நோயுற்ற பெற்றோரைப் பேணும் மகளுக்கும், கடனோடு போராடும் குடும்பத் தலைவனுக்கும், செபிக்க அமர்ந்தால் கவலையே முன்வந்து நிற்கும் எவருக்கும் இந்த வரலாற்றிலிருந்து கிடைப்பது ஓர் அளவுகோல். உள்ளத்தில் உருக்கம் இல்லாததை விசுவாசம் குறைந்ததன் அறிகுறியாக எண்ணி அஞ்ச வேண்டியதில்லை; உருக்கம் இல்லாதபோதும் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. தெரேசாவின் கணக்கில், வீட்டில் ஒருவர் சுடுசொல் சொல்லும்போது எழும் கோபத்தைக் கடவுளிடம் ஒப்படைப்பதும், மரணப் படுக்கையில் தன்னை ஒப்படைப்பதும் ஒரே செயல். முன்னதற்கான வாய்ப்பு எந்த நாளிலும் எவருக்கும் கிடைக்காமற்போவதில்லை.