ஒரு கரண்டி மாவும் இரிடியமும்

திருவெறும்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பாய்லர்க் குழாய்களுக்கு வெல்டு வைக்கும் பட்டறைகள் மலிந்த அந்த வட்டாரத்தில், அவருடைய மகன் ஆறு மாதமாக ‘ஆர்.டி.’ எடுக்கும் வேலைக்குப் போகிறானாம். அதாவது, பற்றவைத்த இணைப்புக்குள் விரிசலோ காற்றுக்குமிழோ ஒளிந்திருக்கிறதா என்று காமாக் கிரணத்தைச் செலுத்தி ஃபிலிமில் படம் பிடிக்கும் வேலை. இரவுப் பணி முடிந்து விடியலில் வருகிறவன் குளிக்காமல் கைக்குழந்தையைத் தூக்கலாமா என்பது அவருடைய முதற் கேள்வி. தினம் ஓர் இளநீர் குடித்தால் கதிர்வீச்சு முறிந்துவிடும் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வது மெய்தானா என்பது இரண்டாவது.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். இளநீர் தாகத்தைத் தணிக்கும். அதற்குமேல் எதிர்பார்ப்பது இளநீருக்கே செய்யும் அநியாயம். கிரணத்தை இளநீரால் முறிப்பவர்களையும், செல்பேசியின் முதுகில் ஒட்டினால் கதிர்வீச்சை விழுங்கிவிடும் என்று தகட்டுத் துண்டு விற்பவர்களையும் நான் ஒரே பந்தியில்தான் உட்காரவைப்பேன்.

குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம். இந்த வேலையில் பயன்படும் இரிடியம்-192 வெளிவிடும் காமாக் கிரணம் உடலை ஊடுருவிப் போகுமேயன்றி, உடலையே கிரணம் வீசும் வஸ்துவாக மாற்றிவிடாது. விளக்கை அணைத்துவிட்டு வருகிறவனுடைய சட்டையில் வெளிச்சம் ஒட்டிக்கொண்டா வருகிறது? ஆனால் விளக்கையே பையில் போட்டுக்கொண்டு வந்தால் கதை வேறு, அப்படியும் நடந்திருக்கிறது.

பெரு நாட்டின் யனாங்கோ நீர்மின் நிலையத்தில், 1999 பிப்ரவரி 20 அன்று, ஒரு வெல்டர் கீழே கிடந்த சிறு உலோகத் துண்டை எடுத்து, இன்னதென்று அறியாமல், கால்சட்டையின் பின்பையில் போட்டுக்கொண்டார். ‘கேமரா’ என்று சொல்லப்படும் கவசப் பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்ட இரிடிய சோர்ஸ், அதாவது கிரணம் வீசும் துண்டு, அது. வீரியம் 37 கியூரி. அதைச் சுமந்தபடியே பல மணி நேரம் வேலை பார்த்து, வண்டியேறி வீட்டுக்கும் போனார். சோர்ஸ் காணோம் என்பது இரவில்தான் தெரிந்தது. அவர் வலது காலை இழந்தார். கழற்றிப்போட்ட கால்சட்டையின்மேல் சிறிது நேரம் உட்கார்ந்த மனைவிக்கும் தோலில் புண் கண்டது. அதே வண்டியில் உடன் வந்தவர்களுக்கோ அந்தக் கதி நேரவில்லை.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் தூரம், அதன் சூட்சுமம் நம் அடுக்களையில் இருக்கிறது. மாவு கிரணம், அகலம் தூரம், கனம் உடலில் படும் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கரண்டி மாவைக் கல்லில் ஊற்றி ஒரு சாண் அகலத்துக்குத் தேய்த்தால் தோசை ஒரு கனமாக வருகிறது. அதே மாவை இரண்டு சாணுக்கு இழுத்தால், அகலம் இரட்டிக்கையில் பரப்பு நான்கு மடங்காகிவிடுவதால், கனம் காலாகிறது. மூன்று சாணுக்கு இழுத்தால் ஒன்பதில் ஒரு பங்கு. பத்துச் சாணுக்கு இழுக்கும் மகாவித்தகர் ஒருவர் கிடைத்தால் நூறில் ஒரு பங்கு, மறுபக்கம் கல் தெரியும். கிரணம் தட்டையாகப் பரவாமல் பந்தாக அல்லவா பரவுகிறது என்று கணித ஆசிரியர் ஆட்சேபிக்கலாம். பந்தின் மேற்பரப்பும் வர்க்கமாகவே வளர்வதால், தோசையைப் பூரியைப்போல் உப்பவைத்துக்கொள்ளும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன். இரிடியம் என்னும் இந்தக் கரண்டி ஓயாமல் ஊற்றும் கரண்டி என்பதையும், 74 நாளைக்கு ஒருமுறை அது பாதியாகச் சிறுத்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்தச் சமையற்காரரும் இதை வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்.

இனித் தோசையை விரிப்பதற்குப் பதில் சுருக்கிப் பாருங்கள். அரைச் சாண், கால் சாண் என்று குறுக்கக் குறுக்க, மாவு தூணாக எழும்பிக் கூரையை முட்டுகிறது. மறைப்பின்றி வெளியே நிற்கும் 50 கியூரி இரிடியம் ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்குச் சுமார் 240 மில்லிசீவர்ட் கிரணத்தை உடலுக்குத் தரும். நம் நாட்டில் பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு அனுமதித்திருப்பது 20 மில்லிசீவர்ட், ஆகையால் ஓராண்டின் கணக்கு ஐந்தே நிமிஷத்தில் தீர்ந்துபோகும். பத்து மீட்டர் விலகினால் அதே 20-க்கு எட்டு மணி நேரத்துக்குமேல் ஆகும். ஒரு சென்டிமீட்டருக்கு நெருங்கினாலோ நிமிஷத்துக்கு 40 சீவர்ட். மில்லி இல்லை, முழுச் சீவர்ட். பின்பைக்கும் தொடைக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான். அதனால்தான் தவறி விழுந்த சோர்ஸை நீண்ட இடுக்கியால் எடுக்கிறார்கள். ஈயக் கையுறை காமாவுக்கு மஸ்லின் துணி மாதிரி.

சரித்திரம் கேட்பவர்களுக்கு ஒரு பத்தி தரவேண்டியிருக்கிறது. விஞ்ஞானி பெக்கரல் 1901-ல் ரேடியக் குழாயொன்றை அங்கிப் பையில் போட்டுக்கொண்டு திரிந்து, பைக்கு நேரே தோல் வெந்துபோனதைக் கண்டார். பைகள் அன்று முதலே அவப்பெயர் பெற்றவை.

மகன் மார்பில் குத்திக்கொள்ளும் டி.எல்.டி. பேட்ஜைப் பற்றியும் அந்த அம்மாள் நம்பிக்கையோடு எழுதியிருக்கிறார். அதனுள் இருக்கும் மூன்று சிறு வில்லைகள் பட்ட கிரணத்தை நினைவில் வைத்திருந்து, பின்னர் ஆய்வுக்கூடத்தில் சூடாக்கும்போது அதற்குத் தக்க ஒளியை உமிழும். அழகான ஏற்பாடு, ஆனால் வெறும் கணக்குப்பிள்ளை வேலை. கொள்ளை போனதைக் காலாண்டு முடிவில் எழுதிக்காட்டும் கணக்குப்பிள்ளை திருடனைப் பிடிக்கமாட்டார். மகனிடம் அந்த அம்மாள் விசாரிக்க வேண்டியது, கிரணத்தை அந்தக் கணமே முள்ளசைத்துக் காட்டும் சர்வே மீட்டரைப் பற்றி.

படம் எடுத்தானதும் தூரத்தில் நின்று கிராங்கைச் சுற்றி, கம்பியில் கொக்கியிட்ட சோர்ஸைக் கேமராவுக்குள் இழுக்கிறார்கள். கைப்பிடி நின்றுவிட்டது என்பதால் சோர்ஸ் உள்ளே போய்விட்டதாகக் கொள்ளலாகாது. கம்பியின் கொக்கி கழன்றிருந்தால் வெறுங்கம்பியும் அதே சொகுசோடு திரும்பி வரும். ஆகவே மீட்டரைக் கையில் ஏந்தி, முள்ளைப் பார்த்தபடியே நெருங்கி, சோர்ஸ் போய்வரும் கைடு டியூப் நெடுகிலும் பார்த்து, கடைசியில் கேமராவின் மேலேயே வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே முள் சற்று அசைவதுதான் சுபசகுனம். கேமராவின் யுரேனியக் கவசத்தையும் மீறிக் கொஞ்சம் கிரணம் கசிந்தே தீரும். முள் அசையாமல் பூஜ்யத்தில் நின்றால், ஒன்று மீட்டரின் பாட்டரி தீர்ந்திருக்கிறது, அல்லது சோர்ஸ் பெட்டியில் இல்லை.