கூண்டிலே குடித்தனம்

மதுரையில் மீனாட்சியின் கையில் கிளி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையில் கிளி. ஆண்டாளின் கிளி தினந்தோறும் புதிதாகப் பச்சிலையால் செய்யப்படுவது. தமிழ் மக்கள் கிளியினிடம் வைத்திருக்கும் பிரியத்துக்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை. ஆயினும் ஒரு விஷயத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். அம்பிகையின் கையில் இருக்கும் கிளிக்குக் கூண்டு கிடையாது! கூண்டு என்பது மனிதர்களாகிய நாம் சேர்த்த அலங்காரம். சிறகை வெட்டுவதும், பேசப் பழக்குவதும், ஜோசியரின் சீட்டை எடுக்கச் சொல்வதும் அதன் பின்னே வந்தவை.

1972-ஆம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இந்த வழக்கத்துக்கு ஒரு முடிவு கட்டியது. நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும், விற்பதும், வீட்டில் அடைத்து வைப்பதும் குற்றம். காரமடையில் சோளக் கொல்லையின் மேல் கூட்டமாகக் கத்திக்கொண்டு பறக்கும் கிளிகளுக்கு இந்த நாட்டின் சட்டமே சுதந்திரம் அளித்திருக்கிறது. ஆனால் திண்ணையில் தொங்கிய கூண்டு வெகு காலம் காலியாக இருக்கவில்லை. அதில் இப்போது பச்சையும் மஞ்சளும் நீலமுமாகச் சின்னஞ்சிறு கிளிகள் இரண்டு உட்கார்ந்திருக்கின்றன. கடைக்காரர் அவற்றை 'லவ்பேர்ட்ஸ்' என்று சொல்லி விற்கிறார். உண்மையில் அந்தப் பெயருக்கு உரியவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு ஜாதிக் கிளிகள். நம் வீட்டுக்கு வந்திருப்பது பட்ஜி; ஆஸ்திரேலியாவைப் பூர்விகமாகக் கொண்டது. இதை வளர்க்கச் சட்டத்தில் தடையில்லை. தடையில்லை என்பதனாலேயே நமது பொறுப்பு அதிகமாகிறது.

விருந்தாளி யார்?

காரமடையிலிருந்து வடக்கே பார்த்தால் நீலகிரி தெரியும். அந்த மலையில் 1843-ஆம் வருஷம் முதல் ஆஸ்திரேலியத் தைல மரம் வளர்ந்து வருகிறது. பட்ஜிக் கிளி அந்தத் தைல மரத்தின் சொந்த ஊர்க்காரப் பறவை. வறண்ட உட்பிரதேசங்களில் தைல மரப் பொந்துகளில் குஞ்சு பொரித்து, புல் விதையும் தண்ணீரும் தேடிப் பெருங்கூட்டமாக நாடோடி வாழ்க்கை நடத்துவது அதன் இயல்பு. 1805-இல் ஜார்ஜ் ஷா என்னும் இயற்கை நூல் வல்லார் இதை வர்ணித்து எழுதினார். 1840-இல் ஜான் கூல்ட் என்பவர் உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். அதன்பின் கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகி, உலகமெங்கும் பரவிவிட்டது.

எடை முப்பது, நாற்பது கிராம்தான். ஆனால் அந்தச் சிறு தலைக்குள் இருக்கும் மூளை அற்பமானதல்ல. 1994-இல் இறந்துபோன ஒரு பட்ஜி 1,728 வார்த்தைகள் சொல்லக்கூடியதாக இருந்தது என்று கின்னஸ் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. நம்மில் சிலர் ஒரு நாளில் இத்தனை வார்த்தைகளை உபயோகிப்பதில்லை!

இரக்க சிந்தை உள்ளவர்கள், "பாவம், கூண்டைத் திறந்து விட்டுவிடலாமே!" என்பார்கள். நாட்டுக் கிளிக்கு அது நியாயம்; பட்ஜிக்கு அது மரண தண்டனை. கூண்டிலே பிறந்து வளர்ந்த இந்தப் பறவைக்கு இங்கே இரை தேடவும் தெரியாது. காக்கைக்கும் வல்லூறுக்கும் தப்பவும் தெரியாது. ஆகையால் இதற்குரிய சுதந்திரத்தைக் கூண்டுக்குள்ளேயே நாம் அமைத்துக் கொடுத்தாக வேண்டும்.

எவ்வளவு இடம்?

1904-இல் மதுரையில் பிறந்த ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல், ராஜ்ய சபை அங்கத்தினராக இருந்தபோது பிராணிகளுக்காக ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அந்த முயற்சியின் பயனாக 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் உண்டாயிற்று. அதன் 11-வது பிரிவு, அசைந்து நடமாடுவதற்குப் போதிய நீளமும் அகலமும் உயரமும் இல்லாத கூண்டில் ஒரு ஜீவனை அடைப்பது குற்றம் என்று சொல்கிறது. கடையிலே வாங்கும் அழகிய வட்டக் கூண்டுகளில் பலவற்றை இந்த அளவுகோலால் அளந்தால் நமக்கே வெட்கமாயிருக்கும்.

பட்ஜி மேலும் கீழுமாகப் பறப்பதில்லை, குறுக்கே பறக்கிறது. ஆகையால் கூண்டுக்கு உயரத்தைவிட நீளம் முக்கியம். ஒரு ஜோடிக்கு 3 அடி நீளம், 1½ அடி அகலம், 2 அடி உயரம் இருக்க வேண்டும். இதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் நல்லதே. வட்டக் கூண்டு உதவாது. பயந்த பறவை ஒதுங்குவதற்கு அதில் ஒரு மூலை கூட இல்லை.

கம்பிகளுக்கு இடையே அரை அங்குலத்துக்கு மேல் சந்து இருக்கக் கூடாது. இருந்தால் தலை மாட்டிக்கொள்ளும். பக்கங்களில் சில கம்பிகள் படுக்கை வாட்டத்தில் இருந்தால் பற்றி ஏறுவதற்கு உதவும். கோயமுத்தூர்ச் சீமையில் பட்டறைகளுக்குக் குறைவில்லை. அளவு சொன்னால் செய்து கொடுப்பார்கள். ஆனால் ஜி.ஐ. கம்பி என்று வழங்கும் துத்தநாகம் பூசிய கம்பியில் ஜாக்கிரதை தேவை. கிளி கம்பியை ஓயாமல் கடிக்கும். துத்தநாகம் வயிற்றுக்குள் போனால் விஷம். எவர்சில்வர் கம்பி உத்தமம். அதற்கு வசதியில்லாதவர்கள் ஜி.ஐ. வலையை வினிகர் விட்டுத் தேய்த்துக் கழுவி, உதிரும் பொருக்குகளை நீக்கி, வெயிலில் காயவைத்த பிறகு உபயோகிக்கலாம், அபாயம் குறையும். ஈயப் பற்று உதவவே உதவாது. மேலே தூக்கித் திறக்கும் கதவு கழுத்தின் மேல் விழக்கூடியது. அதற்கு ஒரு கொக்கி போட வேண்டும். அடித்தட்டில் காகிதம் விரித்துத் தினமும் மாற்ற வேண்டும். படித்து முடித்த தினசரி இதற்குப் போதும். வாரப் பத்திரிகையைப் பத்திரப்படுத்தி வைக்கும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம்!

உட்கார ஒரு கிளை

கூண்டுடன் வரும் வழவழப்பான கோல்களை எடுத்துவிடுவது நலம். கிளியின் காலில் முன்னே இரண்டு விரல், பின்னே இரண்டு விரல். ஒரே பருமனுள்ள கோலை இரவும் பகலும் பற்றிக்கொண்டிருந்தால் பாதத்தின் ஒரே இடம் அழுந்திப் புண்ணாகிவிடும். கொய்யா, வேம்பு, தைல மரம் ஆகியவற்றின் கிளைகளை, அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை பருமன் மாறிமாறி வரும்படி வெட்டி, கழுவிக் காயவைத்துப் பொருத்தலாம். பட்டையைக் கடித்து உரிப்பது கிளிக்குப் பெரிய சந்தோஷம். வேலியோரத்து அரளியை மட்டும் கிட்டவே கொண்டுவரக் கூடாது. அது கொடிய விஷம். தீனிக்கும் தண்ணீருக்கும் நேர் மேலே கிளை வைத்தால் எச்சம் அதில் விழும். நடுவிலே பறப்பதற்கு வழியும் விட்டிருக்க வேண்டும்.

வேலையில்லாத் திண்டாட்டம்

காட்டிலே பட்ஜியின் பகற்பொழுதில் பெரும்பகுதி இரை தேடுவதில் கழிகிறது. கூண்டிலோ கிண்ணம் நிறையத் தானியம்; பத்து நிமிஷத்தில் சாப்பாடு முடிந்தது. மீதிப் பொழுதுக்கு என்ன செய்யும்? வேலையில்லாத பறவை ஓயாமல் கத்துகிறது. தன் இறகைத் தானே பிடுங்குகிறது. அல்லது மூலையில் உட்கார்ந்து தூங்கி வழிகிறது. "எங்கள் கிளி சாது" என்று வீட்டார் பெருமைப்படுகிறார்கள். அது சாதுவல்ல, சலிப்பு.

இதற்கு விலையுயர்ந்த விளையாட்டுச் சாமான்கள் வேண்டியதில்லை. தோப்பிலே விழும் பாக்கு மட்டையைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துத் தொங்கவிட்டால், ஒரு ஜோடி கிளிகள் அதைத் துண்டு துண்டாக்க இரண்டு நாள் உழைக்கும். தென்னங்கீற்றைப் பின்னி, அதன் மடிப்புகளில் தினையை ஒளித்து வைக்கலாம். கொட்டாங்கச்சியின் கூர் விளிம்பைத் தேய்த்துவிட்டு, உலர்ந்த புல்லும் நாலு தானியமும் போட்டுத் தொங்கவிடலாம். தினைக் கதிரைக் கிளைக்கு எட்டாத தூரத்தில் கட்டிவிட்டால், எம்பி எம்பிப் பறிப்பது நல்ல தேகாப்பியாசம். ஓர் ஊஞ்சலும் அவசியம். ஆனால் கயிற்றிலே பிரிந்த நூல் இருந்தால் நகம் சிக்கிக் கால் முறியும். வாரத்துக்கு ஒரு முறை சாமான்களை இடம் மாற்ற வேண்டும். ஒரேயடியாக எல்லாவற்றையும் திணித்துக் கூண்டைச் சந்தைக்கடை ஆக்கிவிடவும் கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பொழுதுபோக்கு ஒரு துணை. கூட்டமாக வாழப் பிறந்த ஜீவனைத் தனியே அடைத்து, எதிரே ஒரு கண்ணாடியை மாட்டிவிடுவது ஏமாற்று வேலை. இரண்டு ஆண்கள் சமாதானமாக வாழும். இரண்டு பெண்கள் சண்டையிடுவதுண்டு. வளர்ந்த பறவையின் அலகுக்கு மேலுள்ள சதை பெரும்பாலும் ஆணுக்கு நீலமாகவும், பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருக்கும். புதிதாக வாங்கிய பறவையை ஒரு மாதம் தனி அறையில் வைத்துப் பார்த்த பிறகே மற்றதுடன் சேர்க்க வேண்டும். கூண்டைச் சுத்தம் செய்தபின் குழந்தைகள் கைகழுவட்டும். கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் காய்ச்சல் ஒன்று உண்டு.

ஜோடி சேர்த்தவுடன் மண்பானையைத் தொங்கவிடுவது நம் பக்கத்து வழக்கம். குஞ்சுகளை என்ன செய்வது என்று தீர்மானிக்காதவர்கள் பானையை மாட்டாதிருப்பதே நல்லது. ஈட்டுக்கு நாலு முதல் ஆறு முட்டை. பதினெட்டு நாள் அடை. ஓய்வின்றி முட்டையிடும் பெண் பறவை சீக்கிரம் தளர்ந்துபோகும்.

ஆகாரம்

தினை, சாமை, கம்பு எல்லாம் கொங்கு நாட்டு மண்ணில் விளைபவை. ஆனால் தானியம் மட்டும் கொடுத்தால் 'ஏ' வைட்டமின் குறைந்து, சுவாச உறுப்புகள் கெடும். மலையிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் காரட்டைத் துருவிக் கொடுக்கலாம். கொத்தமல்லி, முருங்கைக் கீரையும் நல்லவை. பூச்சி மருந்து அடித்த கீரை இச்சிறு உடலுக்கு ஆபத்து. கொல்லையில் விளைந்ததே விசேஷம். ஈரக் கீரையில் புரண்டு குளிப்பதும் இதற்குப் பிரியம். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேட்டால் கணவாய் மீனின் ஓடு கிடைக்கும். குன்னூர்ச் சரிவில் விளையும் வெண்ணெய்ப் பழத்தை நாம் தின்னலாம். கிளிக்கு அது நஞ்சு. காப்பி, சாக்லேட், உப்புப் பண்டம் ஆகியவையும் ஆகா. விருந்தாளிக்குக் காப்பி கொடுப்பது கோயமுத்தூர் மரியாதைதான். இந்த விருந்தாளிக்கு மட்டும் விலக்கு அளிக்க வேண்டும்.

எங்கே வைப்பது?

சமையலறையில் வைக்கவே கூடாது. ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல் அளவுக்கு மிஞ்சிக் காய்ந்தால், அதிலிருந்து எழும் புகை சில நிமிஷங்களில் பறவையைக் கொன்றுவிடும். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திப் புகையும் அதன் நுரையீரலுக்கு ஒவ்வாதவை. ஆகவே பூஜை அறைக்கும் தூரமாக இருக்கட்டும். கூடத்தில், ஒரு பக்கம் சுவர் இருக்கும்படி, நம் கண் மட்டத்தில் வைப்பது சிறந்தது. காலை வெயில் கூண்டின் ஒரு பாதியில் விழ வேண்டும். மறுபாதி நிழலாக இருக்க வேண்டும். தகரக் கூரையின் கீழ் சித்திரை மாதத்தில் வைத்தால் வெந்துபோகும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றுக்கும், மார்கழிக் குளிருக்கும் மறைப்பு வேண்டும். பூனை, எலி, பாம்பு, எறும்பு ஆகியவற்றுக்கு எட்டாதபடி காப்பதும் அவசியம்.

இரவிலே பத்து, பன்னிரண்டு மணி நேரம் அமைதியான தூக்கம் தேவை. மாசி மாதத்தில் அரங்கநாதர் தேர்த் திருவிழாவின்போதும், தீபாவளி வேட்டுச் சத்தத்திலும் பறவைகள் இருட்டில் பதறிக் கம்பியில் மோதிக்கொள்ளும். அந்நாட்களில் உள்ளறையில் வைத்து, ஒரு சிறு விளக்கை எரியவிடலாம்.

தினம் சிறிது நேரம் அறைக்குள் பறக்கவிடுவது மிகவும் நல்லது. முதலில் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, கண்ணாடியைத் துணியால் மூடி, தண்ணீர்ப் பாத்திரங்களையும் மூடிவிட வேண்டும். சுழலும் விசிறியைப் போன்ற எமன் நம் வீட்டுப் பறவைக்கு வேறொன்றில்லை.

இத்தனை சிரமமா என்று சிலர் நினைக்கலாம். சிரமம்தான். அந்நியர் நம்மை அடைத்து வைத்திருந்த காலத்தில், கூண்டுக் கிளி என்றால் என்ன என்பதை யாரும் நமக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. சுதந்திரம் பெற்ற மக்கள் தமது வீட்டுக்குள் ஒரு கூண்டை வைத்தால், அதன் நீள அகலத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கக் கடமைப்பட்டவர்கள். அத்தனை இடமும் நேரமும் கொடுக்க இயலாதவர்கள் கொல்லையில் ஒரு முருங்கை மரத்தையும், ஒரு சட்டி தண்ணீரையும் வைத்தால் போதும். காரமடைக் காற்றிலே பறக்கும் பறவைகள் தாமாகவே வந்து, சம்பளமில்லாமல் பாடிவிட்டுப் போகும்.