தீவகச் செலவு

செலவு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு: பயணம் ஒன்று, பணம் கழிதல் மற்றொன்று. பழைய இலக்கியத்தார் முன்னதனைப் பெரிதும் வழங்கினர். இன்று பின்னதே நிலைபெற்றது. துவிச்சக்கரவண்டியில் தனியே நாடு சுற்றுவோர்க்கு இரண்டும் பொருந்தும். செல்லும் தூரம் மிகவேண்டும். செல்லும் பணம் குறையவேண்டும் என்பதே அன்னார் கொள்கை.

இக்கொள்கை புதிதன்று. வங்காளத்து இராமநாத் பிசுவாசு என்பார் 1931-ல் சிங்கப்பூரிலிருந்து துவிச்சக்கரவண்டியிற் புறப்பட்டு, மலாயா, சீயம், இந்தோசீனா கடந்து சீனத்தினுட் புகுந்தார். இத்தகையோர் துணிவு வியத்தற்குரியது. ஆயினும், ஒருவன் பணமின்றி நெடுந்தூரம் சென்றான் எனின், அவன் பருகிய நீர் யார் சுமந்தது என்பதும் ஆராயத்தக்கதே.

பாடசாலை விடுமுறைகளில் யான் தீவகத்துக்குத் துவிச்சக்கரவண்டியிற் செல்வதுண்டு. யாழ்ப்பாணத்துப் பண்ணையிலிருந்து கடலூடு செல்லும் வீதியால் அல்லைப்பிட்டி, வேலணை கடந்து, வாணர் பாலத்தின் வழியே புங்குடுதீவுக் குறிகட்டுவான் இறங்குதுறையை அடையலாம். தூரம் 30 கிலோமீற்றர் அளவினது. வழியில் மேடில்லை, மேட்டுக்கு ஈடாகக் காற்று உண்டு. சோளகம் வீசுங் காலத்தில் அது போகும்போது மார்பில் மோதும். மீளும்போது முதுகைத் தள்ளும். ஆதலின் விடியுமுன் புறப்படுதல் நன்று. துறையிலிருந்து நயினாதீவுக்குப் படகிற் கால்மணிப் பொழுது. நெடுந்தீவுக்கு ஒரு மணிநேரம். வண்டியையும் உடன் ஏற்றிச் செல்லலாம்.

தீவகத்தில் அரியது பணமன்று, நன்னீர். சுண்ணக்கற் பாறையினுள்ளே உவர்நீரின்மேல் மழைநீர் மெல்லிய படலமாக மிதக்கின்றது. மிகுதியாக இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலெழும். வரட்சியில் நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகளும் நீரின்றி மடிந்ததுண்டு.

அத்தீவில் ஒரு நண்பகல், கற்வேலி ஓரத்துப் பனைநிழலில் இளைப்பாறினேன். அயல்வீட்டு மூதாட்டி செம்பு நிறைய நீர் கொணர்ந்து, “தம்பி, வெயிலுக்கை வந்திருக்கிறியள், முதல் தண்ணியைக் குடியுங்கோ” என்றார். எந்தக் கிணற்று நீர் என வினவினேன். அவர் முற்றத்தில் நின்ற பேரனின் துவிச்சக்கரவண்டியைச் சுட்டினார். அதன் பின்னே இரண்டு கான்கள் கட்டப்பட்டிருந்தன. எனக்கு உலாவுதற்கு அமைந்த வண்டி அவ்வீட்டாருக்கு நீர் சுமக்கும் வண்டி!

1990-களில் எரிபொருள் தடைப்பட்ட காலத்தில் குடாநாட்டார் விறகும் நெல்லும் நோயாளரும் ஆகிய அனைத்தையும் இவ்வண்டியிலேயே ஏற்றினர். எனவே, நம்மவர்க்கு இது விளையாட்டுப் பொருளன்று. ‘ஒரு சதமும் செலவின்றித் தீவெல்லாம் சுற்றினேன்’ என்று இக்கால இளைஞர் பெருமை பேசக் கேட்கின்றேன். அச்சதத்தை மற்றொருவர் தம் உழைப்பாற் செலுத்தினார் என்பதை அவர் எண்ணுவதில்லை.

சிக்கனம் வேறு, பிறர்மேற் சுமையேற்றல் வேறு. நீரைக் கையோடு கொண்டு செல்க. ஊர்க்கடையில் விலை கொடுத்து உண்க. தந்த செம்பில் வேண்டியதை மட்டும் பருகுக. மணிமேகலை அமுதசுரபி பெற்ற மணிபல்லவம் நயினாதீவே என அறிஞர் பலர் கருதுவர். அவள் பெற்ற பாத்திரம் பிறர் பசி தீர்த்தற்கு உதவியது. அத்தீவுக்குச் செல்வோர் வெறும் பாத்திரத்தோடு செல்லுதல் தகுமோ?